உயிரியல் தொடங்குகிறவர்களுக்கு: கேள்வி அமைப்பதிலிருந்து நொதிச் சோதனை வரை

உயிரியலைப் புதிதாகத் தொடங்கும் பலர் செல்லின் பாகங்களை மனப்பாடம் செய்வதில்தான் ஆரம்பிக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், கோல்கி என்று பெயர்கள் வரிசையாக நினைவில் நிற்கும். செல் சுவாசம் என்ற பாடம் வந்ததும் வண்டி நின்றுவிடும். அங்கே நடப்பதெல்லாம் வேதியியல். அதைப் படிக்காமல் தாண்டி வந்ததன் பலன் அப்போதுதான் தெரியும்.

இந்தக் கட்டுரை அந்த முதல் பகுதிக்கு மட்டும்: ஒரு கேள்வியை அறிவியல் முறைப்படி எப்படி அமைப்பது, நீர், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), நான்கு வகை உயிர் மூலக்கூறுகள், நொதி (என்சைம், வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்). எந்த வரிசையில் போவது, என்னென்ன வாங்குவது, எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே சறுக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 5 அல்லது 6 வாரத்தில் முடித்துவிடலாம். அவசரப்பட்டு இரண்டு வாரத்தில் முடிக்க நினைத்தால் 2-ஆம் படியையும் 3-ஆம் படியையும்தான் கைவிடுவீர்கள். பிறகு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டிலிருந்துதான் முளைக்கின்றன.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். பக்கத்தில் ஒப்பிட ஒரு குழாய் இல்லாமல் கிடைத்த எந்த நிறமாற்றத்தையும் நம்பாதீர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியைச் சுற்றியே இருக்கின்றன.

1. குறிப்பேடும் கருவிகளும்

குறிப்பேடு தைத்துக் கட்டியதாக இருக்க வேண்டும். சுருள் கம்பி நோட்டு வேண்டாம், தாள் கழன்றுவிடும். முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள், எல்லாப் பக்கங்களுக்கும் இன்றே எண் போடுங்கள். பேனாவால் மட்டும் எழுதுங்கள். தவறு வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடியுங்கள். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். மூன்று நாள் கழித்து, அடித்த எண்தான் சரி என்று தெரிய வருவது அடிக்கடி நடக்கும்.

ஒவ்வொரு சோதனைக்கும் பதிய வேண்டியவை: தேதி, கேள்வி, கருதுகோள், பொருள்களும் அவற்றின் செறிவும், செய்முறை, கண்டவை, விளக்கம். கடைசி இரண்டையும் தனித்தனியே எழுதுவது முக்கியம். "3-ஆம் குழாயில் செங்கல் நிறப் படிவு" என்பது கண்டது. "3-ஆம் குழாயில் குளுக்கோஸ் உள்ளது" என்பது விளக்கம். இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதிவிட்டால், விளக்கம் தவறு என்று பின்னால் தெரியும்போது கண்டதையும் இழந்துவிடுவீர்கள்.

கருவிகள்: 12 சோதனைக்குழாய்கள், அவற்றுக்கான தாங்கி, 250 மி.லி. பீக்கர் இரண்டு, 100 மி.லி. அளவுக்குடுவை ஒன்று, 0 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் வெப்பமானி, நிறுத்துக் கடிகாரம், குழிகள் கொண்ட வெள்ளைத் தட்டு, சொட்டுக்குழாய்கள், பி.எச். தாள், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, மின்சார அடுப்பு. கண்ணாடிப் பிப்பெட்டுக்குப் பதில் ஊசியில்லாத 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகளே இந்த வேலைக்குப் போதும். விலையும் குறைவு, வாயால் உறிஞ்சும் ஆபத்தும் இல்லை. நுண்ணோக்கி இந்தப் பகுதிக்குத் தேவையே இல்லை. பலரும் முதலில் பணத்தைப் போடுவது அதில்தான், தள்ளிப்போடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியிலும் கையுறையிலும் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேதிப்பொருள்கள்: அயோடின் கரைசல், பெனடிக்ட் கரைசல் (சர்க்கரையைக் காட்டும் நீலக் கரைசல்), 10% சோடியம் ஹைட்ராக்சைடு, 1% காப்பர் சல்பேட், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், எத்தனால், சோடியம் பைகார்பனேட், குளுக்கோஸ், சுக்ரோஸ், மாவுச்சத்து, அமைலேஸ் (மாவுச்சத்தை உடைக்கும் நொதி), பி.எச். 7 தாங்கல் கரைசல் (பி.எச். எளிதில் மாறாமல் காக்கும் கரைசல்), காய்ச்சி வடித்த நீர். கரைசல் ஒவ்வொன்றும் 100 மி.லி. போதும். பெனடிக்ட் ஒரு குழாய்க்கு 2 மி.லி. ஆகும், 3 குழாய்களை 3 முறை செய்தாலும் 18 மி.லி.தான். பெரிய புட்டி மலிவாகத் தெரியும், ஆனால் திறந்துவைத்த அயோடின் நாளாக நாளாக வலுவிழக்கும். வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிக் குறிப்பேட்டின் பின்னட்டைக்குள் வையுங்கள். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

2. செறிவுக் கணக்கு: இரண்டு நாள் ஒதுக்குங்கள்

இதைத் தாண்டிப் போகத் தோன்றும், போகாதீர்கள். 1% கரைசல் என்றால் 1 கிராம் பொருளைக் கொஞ்சம் நீரில் கரைத்து, மொத்தம் 100 மி.லி. வரும்வரை நீர் சேர்ப்பது. 1 கிராமின் மேல் 100 மி.லி. நீரை ஊற்றுவது வேறு கணக்கு. 1%-இல் வித்தியாசம் தெரியாது. 20% சர்க்கரைக் கரைசலில் நன்றாகவே தெரியும்.

மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அலகு; ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல் இருந்தால் அது 1 மோலார். இந்தக் கணக்குக்குக் குளுக்கோஸை வைத்துப் பழகுங்கள். ஒரு மோல் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 கிராம். 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. வேண்டும் என்றால் 180 × 0.1 × 0.25 = 4.5 கிராம். இதே கணக்கைச் சுக்ரோஸுக்குப் போடுங்கள். அதன் மோல் எடை 342. பாதிப் பேர் 180-ஐயே மறுபடி போடுவார்கள்.

நீர்த்தலுக்கு ஒரே ஒரு சமன்பாடு போதும்: தொடக்கச் செறிவு × எடுத்த கன அளவு = இறுதிச் செறிவு × இறுதிக் கன அளவு. 3% கரைசலிலிருந்து 1% கரைசல் 10 மி.லி. வேண்டுமானால் 3.3 மி.லி. எடுத்து, நீர் விட்டு 10 மி.லி. ஆக்க வேண்டும். தொடர் நீர்த்தலில் 5 மி.லி. கரைசலும் 5 மி.லி. நீரும் கலந்து, அதிலிருந்து 5 மி.லி. எடுத்து அடுத்த குழாயில் மீண்டும் 5 மி.லி. நீரோடு கலந்து, இப்படியே போக வேண்டும். செறிவு 3, 1.5, 0.75 என்று பாதி பாதியாக இறங்கும். இதில் நடக்கும் இரண்டு பிழைகள்: நன்றாகக் கலக்குவதற்கு முன்பே அடுத்ததற்கு எடுப்பது, சிரிஞ்சைக் கழுவாமல் அடர்த்தியானதிலிருந்து நீர்த்ததற்குப் போவது. இரண்டுமே தொடரின் கடைசிக் குழாயைத்தான் அதிகம் கெடுக்கும், அந்தக் குழாயில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

நீர்மட்டத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் படியுங்கள். அமிலத்தை நீரில் ஊற்றுங்கள், நீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்.

3. கேள்வியைச் சோதிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவது

"வெப்பம் நொதியைப் பாதிக்குமா?" நல்ல ஆர்வம்தான், ஆனால் இதை வைத்துக்கொண்டு மேசையில் என்ன செய்வது என்று தெரியாது. எதை மாற்றப்போகிறீர்கள், எதை அளக்கப்போகிறீர்கள், எந்த அலகில் என்ற மூன்றும் கேள்விக்குள்ளேயே வர வேண்டும். "20 முதல் 70 டிகிரி வரை பத்து பத்தாக ஏற்றினால், 1% மாவுச்சத்துக் கரைசல் 5 மி.லி.யை 1 மி.லி. அமைலேஸ் உடைத்து முடிக்க எத்தனை நொடி ஆகிறது?" இதை நாளையே செய்யலாம்.

இதில் வெப்பநிலை நீங்கள் மாற்றும் மாறி, நொடி நீங்கள் அளக்கும் மாறி. மீதி எல்லாம் எல்லாக் குழாய்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: செறிவு, கன அளவு, பி.எச்., கலக்கும் விதம், அயோடின் துளியின் அளவு. இந்தப் பட்டியலை எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் நேரே "எப்படி நிலையாக வைப்பேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வராத இடம்தான் சோதனையின் ஓட்டை.

கருதுகோள் என்பது வெறும் ஊகம் அல்ல. எந்த முடிவு வந்தால் அதைக் கைவிடுவீர்கள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். "வெப்பம் ஏற ஏற வேகம் கூடி, ஒரு கட்டத்துக்குமேல் சரியும்" என்று எழுதினால், 70 டிகிரி வரை வேகம் கூடிக்கொண்டே போனால் நீங்கள் சோதித்த எல்லைக்குள் அது தவறு. "வெப்பம் நொதியை ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கும்" என்று எழுதினால் அது கிட்டத்தட்ட எதற்கும் தோற்காது. அதனாலேயே அது பயனற்றது. கருதுகோள் பொருந்தி வந்தாலும் "நிரூபித்தேன்" என்று எழுதாதீர்கள். "முடிவுகள் கருதுகோளை ஆதரிக்கின்றன" என்பதுதான் சரி.

இனி கன்ட்ரோல், அதாவது கட்டுப்பாட்டுக் குழாய். இரண்டு வகை வேண்டும். எதிர்மறைக் கட்டுப்பாட்டில் மாதிரிக்குப் பதில் நீர் மட்டும் இருக்கும். நிறம் மாறக் கூடாது. மாறினால் உங்கள் நீரோ குழாயோ வேதிப்பொருளோ மாசுபட்டிருக்கிறது. நேர்மறைக் கட்டுப்பாட்டில் தேடும் பொருள் நிச்சயமாக இருக்கும். நிறம் மாறியே ஆக வேண்டும். மாறாவிட்டால் வேதிப்பொருள் கெட்டுவிட்டது, அல்லது சூடு போதவில்லை. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் "மாதிரியில் சர்க்கரை இல்லை" என்பதும் "என் பெனடிக்ட் வேலை செய்யவில்லை" என்பதும் பார்வைக்கு ஒன்றுதான்: இரண்டிலும் குழாய் நீலமாகவே இருக்கும்.

எத்தனை முறை செய்வது? குறைந்தது மூன்று. ஆனால் ஒரே உருளைக்கிழங்கிலிருந்து மூன்று துண்டு வெட்டிச் சோதித்தால், அந்த ஒரு கிழங்கைப் பற்றி மட்டும்தான் தெரிந்துகொண்டீர்கள். கிழங்குகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் மூன்று கிழங்கு வேண்டும்.

நிறத்தைக் கண்ணால் மதிப்பிடும் சோதனைகளில் மனம் எதிர்பார்ப்பதையே கண் காணும். முடிந்தால் இன்னொருவரைக் குழாய்களுக்கு இரகசியக் குறியீடு போடச் சொல்லுங்கள். நிறத்தை எழுதி முடித்த பிறகு குறியீட்டைத் திறந்து பாருங்கள்.

4. நீர், பிணைப்புகள், பி.எச்.

இந்தப் படிக்கு ஒரு வாரம். நிறைய வரைய வேண்டும். ஐந்து நீர் மூலக்கூறுகளை வரைந்து, ஆக்சிஜன் பக்கம் சிறு எதிர்மின்சுமையும் ஹைட்ரஜன்கள் பக்கம் சிறு நேர்மின்சுமையும் குறியுங்கள். பிறகு ஒன்றின் ஹைட்ரஜனையும் அடுத்ததன் ஆக்சிஜனையும் புள்ளிக்கோட்டால் இணையுங்கள். அந்தப் புள்ளிக்கோடுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. மூலக்கூறுக்கு உள்ளே ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டியிருப்பது சகப்பிணைப்பு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிக அதிகம். அளவைப் பார்த்தால் குழப்பம் தீரும்: நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 20 கிலோஜூல் போதும், உள்ளிருக்கும் சகப்பிணைப்புக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். நீர் கொதிக்கும்போது விடுபடுவது முதல் வகை மட்டும், ஆவியும் நீர்தான். இதை நன்றாகப் பதியவைத்துக்கொள்ளுங்கள், 7-ஆம் படியில் நொதியைக் கொதிக்கவைக்கும்போது இதே கேள்வி திரும்ப வரும்.

பி.எச். மடக்கை அளவு. ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு. பி.எச். 3 கரைசல் பி.எச். 6 கரைசலைவிட 1000 மடங்கு அமிலச் செறிவு கொண்டது. தேர்வுத் தாளில் "இரண்டு மடங்கு" என்று எழுதுபவர்கள் 6-ஐ 3-ஆல் வகுத்திருப்பார்கள்.

இதற்கு ஒரு சிறு சோதனை, அரை மணி நேரத்தில் முடியும். ஒரு பீக்கரில் காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி., மற்றொன்றில் 1% சோடியம் பைகார்பனேட் கரைசல் 50 மி.லி. இரண்டிலும் வினிகரைத் துளித்துளியாக விட்டு, கலக்கி, பி.எச். தாளால் பாருங்கள். வெறும் நீர் ஒன்றிரண்டு துளியிலேயே 4-ஐ நெருங்கும். பைகார்பனேட் 20 துளிக்குப் பிறகும் 7-ஐ ஒட்டியே நிற்கும். மனித இரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்பதில் இதே பைகார்பனேட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. குழாய் நீரை வைத்துச் செய்தால் இந்த வேறுபாடு மங்கிவிடும், காரணம் அதில் ஏற்கெனவே பைகார்பனேட் கரைந்திருக்கும். "சோதனை வரவில்லை" என்று கைவிடுவதற்கு முன் எந்த நீர் எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

5. நான்கு மூலக்கூறு வகைகள்

சர்க்கரையும் மாவுச்சத்தும் ஒரு குடும்பம்; புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் மற்ற மூன்று. ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள். பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிலும் எந்த அலகு எதனோடு எப்படிச் சேர்கிறது, சேரும்போது எத்தனை நீர் மூலக்கூறு வெளியேறுகிறது என்று கணக்குப் போடுங்கள். குளுக்கோஸ் 180, ஃபிரக்டோஸ் 180. சேர்ந்தால் 360 வர வேண்டும், ஆனால் சுக்ரோஸ் 342. காணாமல்போன 18 ஒரு நீர் மூலக்கூறு. 100 அமினோ அமிலங்கள் ஒரே சங்கிலியாகச் சேர்ந்தால் 99 பெப்டைடு பிணைப்பு, 99 நீர். ஒரு கொழுப்பில் கிளிசராலோடு 3 கொழுப்பு அமிலங்கள் சேர்கின்றன, 3 நீர். செரிமானம் இந்தக் கணக்கின் மறுதலை: ஒவ்வொரு பிணைப்பையும் பிரிக்க ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது.

கொழுப்பைப் பலபடி (பாலிமர்) என்று எழுதாதீர்கள். மாவுச்சத்து, புரதம், நியூக்ளிக் அமிலம் மூன்றும் ஒரே மாதிரியான அலகுகள் தொடர்ந்து நீண்டு வந்தவை. கொழுப்பு அப்படி நீள்வதில்லை, மூன்று கொழுப்பு அமிலத்தோடு நின்றுவிடுகிறது.

நியூக்ளிக் அமிலத்துக்கு இப்போதைக்குச் சர்க்கரை, பாஸ்பேட், காரம் என்ற மூன்று பகுதிகளும், டி.என்.ஏ.வில் அடினைன் தைமினோடும் குவானைன் சைட்டோசினோடும் சேரும் என்பதும் போதும்.

6. நான்கு நிறச் சோதனைகள்

ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று குழாய்: தெரிந்த பொருள், நீர், மாதிரி. குழாயிலேயே எண்ணை எழுதுங்கள். தாங்கியில் எழுதினால் குழாயை வெளியே எடுத்ததும் அடையாளம் போய்விடும். ஒரே அமர்வில் நான்கையும் செய்ய முயலாதீர்கள். அமர்வுக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம்.

மாவுச்சத்துக்கு அயோடின். மாதிரி 2 மி.லி., அயோடின் 2 அல்லது 3 துளி. மஞ்சள்பழுப்பு நிறம் கருநீலமானால் மாவுச்சத்து உண்டு. சூடான மாதிரியில் இந்த நிறம் வராது. மாவுச்சத்தின் சுருளுக்குள் அயோடின் தங்கினால்தான் நிறம், சூட்டில் அது தங்குவதில்லை. வேகவைத்ததை நன்றாக ஆறவிட்டுச் சோதியுங்கள். வைட்டமின் சி நிறைந்த பழச்சாறு அயோடினின் நிறத்தையே போக்கிவிடும், மாவுச்சத்து இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஒடுக்கும் சர்க்கரைக்கு, அதாவது பெனடிக்ட்டிலுள்ள தாமிரத்துக்கு எலக்ட்ரான் தரும் குளுக்கோஸ் போன்றவற்றுக்கு, பெனடிக்ட். மாதிரி 2 மி.லி., பெனடிக்ட் 2 மி.லி., கொதிநீரில் 5 நிமிடம். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் போகும். நேரடித் தீயில் சூடாக்கினால் குழாயிலிருந்து திடீரென்று பீறிடும், அதனால் நீர்த்தொட்டியே பாதுகாப்பு. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் இறக்கி ஒரே நேரத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் கூடுதல் நேரம் கிடந்த குழாய் கூடுதல் சர்க்கரை உள்ளதுபோல் தோன்றும். மேலே சொன்ன வைட்டமின் சி இங்கும் குறுக்கிடும்: அதுவும் பெனடிக்ட்டை ஒடுக்கும், சர்க்கரை இல்லாமலே நிறம் வரும்.

சுக்ரோஸ் இந்தச் சோதனையில் நீலமாகவே நிற்கும். அதைப் பார்க்க, மாதிரி 2 மி.லி.யோடு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. சேர்த்து 5 நிமிடம் கொதிநீரில் வைத்து (அமிலம் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கும்), ஆறியதும் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாக நுரை அடங்கும்வரை போட்டு, அதன் பிறகு பெனடிக்ட் சேருங்கள். நுரை அடங்கும்வரை என்பதை அப்படியே கடைப்பிடியுங்கள். பெனடிக்ட் கார நிலையில்தான் வேலை செய்யும். அமிலம் மிச்சம் இருந்தால் சர்க்கரை இருந்தும் பலன் வராது. அமிலம் சேர்க்காத சுக்ரோஸ் குழாய் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

புரதத்துக்குப் பையூரெட். மாதிரி 2 மி.லி., சோடியம் ஹைட்ராக்சைடு 2 மி.லி., கலக்கிய பின் காப்பர் சல்பேட் 3 துளி. சில நிமிடத்தில் ஊதா வரும். துளிகளை அள்ளிவிட்டால் காப்பர் சல்பேட்டின் சொந்த நீலமே ஊதாவை மறைத்துவிடும். "புரதம் இல்லை" என்று தவறாக எழுதப்படும் முடிவுகளுக்கு இது ஒரு வழக்கமான காரணம். தனி அமினோ அமிலங்களில் ஊதா வராது, குறைந்தது இரண்டு பெப்டைடு பிணைப்பு வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள்.

கொழுப்புக்கு எத்தனால். உலர்ந்த குழாயில் நசுக்கிய மாதிரியும் எத்தனால் 3 மி.லி.யும் சேர்த்து ஒரு நிமிடம் குலுக்கி, கசடு அடங்கியதும் மேலுள்ள தெளிவை மட்டும் 3 மி.லி. நீருள்ள வேறு குழாயில் ஊற்றுங்கள். பால்போல் வெண்மையானால் கொழுப்பு. முதல் குழாய் ஈரமாக இருந்தால் அங்கேயே கலங்கிவிடும், எது கசடு எது கொழுப்பு என்று பிரிக்க முடியாது. பக்கத்தில் தீ எரியக் கூடாது.

தாமிரம் கலந்த பெனடிக்ட், பையூரெட் கழிவுகளைக் கழுவும் தொட்டியில் கொட்டாமல் பெயரெழுதிய தனிப் புட்டியில் சேருங்கள்.

7. நொதிச் சோதனை: முழுமையாக ஒன்று

இதுவரை செய்த எல்லாம் இங்கே ஒன்றுசேர்கின்றன. இதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாவுச்சத்துக் கரைசலை அன்றன்று செய்யுங்கள். 1 கிராம் மாவுச்சத்தைச் சிறிது குளிர்ந்த நீரில் குழைத்து, கொதிக்கும் 80 மி.லி. நீரில் கலக்கிக்கொண்டே ஊற்றி, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் 100 மி.லி. ஆக்குங்கள். உலர்ந்த பொடியை நேரே கொதிநீரில் போட்டால் கட்டி கட்டியாகி உள்ளே வேகாது, செறிவு குழாய்க்குக் குழாய் மாறும்.

வெள்ளைத் தட்டின் 20 குழிகளில் தலா ஒரு துளி அயோடின் வையுங்கள். ஒரு குழாயில் மாவுச்சத்து 5 மி.லி., தாங்கல் கரைசல் 1 மி.லி.; இன்னொன்றில் அமைலேஸ் 1 மி.லி. இரண்டையும் வேண்டிய வெப்பநிலையுள்ள நீர்த்தொட்டியில் கலக்காமல் 5 நிமிடம் வையுங்கள். இந்த 5 நிமிடத்தை மிச்சப்படுத்த நினைத்தால் அறை வெப்பநிலையில் தொடங்கி மெல்லச் சூடாகும் கலவையைத்தான் அளப்பீர்கள். பிறகு கலந்து, கடிகாரத்தைத் தொடங்கி, 30 நொடிக்கு ஒருமுறை ஒரு துளி எடுத்து அடுத்த குழியில் விடுங்கள்.

குழிகளை வரிசையாகப் பார்த்தால் மூலக்கூறு உடைவதே தெரியும். முதல் குழிகள் கருநீலம். சங்கிலி குட்டையாகக் குட்டையாக ஊதா, பிறகு செம்பழுப்பு. கடைசியில் அயோடின் தன் சொந்த மஞ்சள்பழுப்பிலேயே நிற்கும். அந்தக் குழிதான் முடிவுப் புள்ளி. செம்பழுப்பில் நிறுத்திவிடாதீர்கள்; அங்கே இன்னும் நடுத்தரத் துண்டுகள் இருக்கின்றன. பக்கத்தில் அயோடினும் நீரும் மட்டும் உள்ள ஒரு குழியை ஒப்பிட வைத்திருங்கள். சொட்டுக்குழாயின் முனை அயோடினைத் தொடவே கூடாது. தொட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அயோடின் கலவைக்குள் போய்ச் சேரும்.

முழுச் சோதனைக்கு முன் 40 டிகிரியிலும் 60 டிகிரியிலும் ஒவ்வொரு முறை ஓட்டிப் பாருங்கள். வேகமானது 2 முதல் 4 நிமிடத்தில் முடிய வேண்டும். 30 நொடியிலேயே முடிந்தால் நொதியைப் பத்து மடங்கு நீர்த்துங்கள். இதன் காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: 30 நொடிக்கு ஒருமுறை பார்க்கும்போது "60 நொடி" என்ற விடை உண்மையில் 30-க்கும் 60-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். "240 நொடி" என்றால் அதே 30 நொடிப் பிழை எட்டில் ஒரு பங்குதான்.

20, 30, 40, 50, 60, 70 டிகிரி என்று ஆறு வெப்பநிலை, ஒவ்வொன்றும் மூன்று முறை: 18 ஓட்டம். ஓட்டத்துக்கு 15 நிமிடம் வைத்தால் நான்கரை மணி நேரம். மூன்று நாளாகப் பிரியுங்கள், ஆனால் ஒவ்வொரு நாளும் ஆறு வெப்பநிலையையும் ஒருமுறை முடியுங்கள். திங்களன்று 20-உம் 30-உம், செவ்வாயன்று 40-உம் 50-உம் என்று பிரித்தால், நொதிக் கரைசல் பழையதாவதன் விளைவும் வெப்பத்தின் விளைவும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளுக்குள்ளும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள்.

கட்டுப்பாட்டுக் குழாய்கள்: நொதிக்குப் பதில் நீர்; பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்ட நொதி. இரண்டிலும் 10 நிமிடம் கழிந்தும் கருநீலம் நிற்க வேண்டும். அதை "600 நொடிக்கு மேல்" என்று எழுதுங்கள்; பூஜ்யம் என்றோ 600 என்றோ எழுதாதீர்கள்.

உச்ச வேகம் 37 டிகிரிக்கு அருகில் வராவிட்டால் பதறாதீர்கள். மனித அமைலேஸுக்கு அது பொருந்தும். பாக்டீரியாவிலிருந்து எடுத்த சில அமைலேஸ்கள் 70 டிகிரியிலும் நன்றாக வேலை செய்யும். நொதிப் புட்டியில் எதிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கும், அதை முதல் நாளே குறித்துவையுங்கள். எண்ணைப் பாடத்துக்கு ஏற்றபடி திருத்தாதீர்கள்.

கொதிக்கவைத்த நொதி ஏன் செத்தது? நொதி மடிந்து நிற்கும் ஒரு புரதச் சங்கிலி. அந்தச் சங்கிலியின் பெப்டைடு பிணைப்புகள் சகப்பிணைப்புகள். அவை அந்தச் சூட்டில் அப்படியே இருக்கின்றன. மடிப்பைப் பிடித்திருந்த ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுவற்றவைதான் விட்டுப்போயின. இதை நீங்களே பார்க்கலாம். முட்டை வெள்ளைக்கருவை நீரில் கலக்கி இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொதிக்கவைத்துப் பையூரெட் செய்யுங்கள். இரண்டும் ஊதாவாகும், சங்கிலி உடையவில்லை. இன்னொன்றும் செய்யுங்கள்: அமைலேஸை 20 நிமிடம் பனிக்கட்டி நீரில் வைத்து 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அது மறுபடி வேலை செய்யும். குளிர் நொதியை மெதுவாக்குகிறது, கொதிநிலை அதன் வடிவத்தையே குலைத்துவிடுகிறது.

8. வரைபடமும் அறிக்கையும்

இரண்டு மாலை போதும். வேகத்தை 1000 ÷ நொடி என்று மாற்றிக்கொள்ளுங்கள். 200 நொடி என்றால் 5. கிடை அச்சில் வெப்பநிலை, நெடு அச்சில் வேகம். சராசரிப் புள்ளியோடு மூன்று அளவீடுகளின் மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் ஒரு கோடாகக் காட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு வெப்பநிலைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எது வேகமானது என்று சொல்ல உங்களிடம் போதுமான சான்று இல்லை. இன்னும் சில ஓட்டங்கள் செய்யுங்கள்.

ஒரு அளவீடு மட்டும் விலகி நின்றால், குறிப்பேட்டில் அதற்கான காரணம் அப்போதே பதிவாகியிருந்தால் மட்டும் நீக்குங்கள்: தொட்டி ஆறிவிட்டது, துளி தவறியது என்பது போல. இல்லாவிட்டால் வைத்துக்கொண்டே எழுதுங்கள். முடிவுரையில் உங்கள் நொதி, உங்கள் செறிவு, உங்கள் பி.எச். ஆகியவற்றுக்குள் நில்லுங்கள். "எல்லா நொதிகளும்" என்று தொடங்கும் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

அடுத்த பாடம் செல் சவ்வும் ஊடுபரவலும் (சவ்வு வழியே நீர் நகர்வது). அதற்கு வேண்டியது 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் சுக்ரோஸ் தொடரும் ஒரே அளவில் வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளும். மிச்சமிருக்கும் சுக்ரோஸை ஈரம் புகாமல் மூடி வையுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் 50 மி.லி. கணக்கில் மொத்தம் 51.3 கிராம் வேண்டும்.